பக்கத்து மருத்துவரைச் செல்பேசி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மேல்மலையனூரில் ஒரு வீடு. இரவு ஒன்பது மணிக்கு ஆட்டின் இடப்பக்க வயிறு உப்பிக்கொண்டே வருகிறது. அசை போடுவது நின்றுவிட்டது. கழுத்தை நீட்டி மூச்சு வாங்குகிறது. வயிற்றில் அடைபட்ட வாயு உதரவிதானத்தை அழுத்தி நுரையீரலை நெருக்கும் நிலை இது. சில மணி நேரத்தில் ஆட்டைக் கொன்றுவிடக்கூடியது. வீட்டில் இருக்கும் கல்லூரி மாணவி செல்பேசியில் ‘அருகில் கால்நடை மருத்துவர்’ என்று தட்டுகிறாள். ஒரு நொடிக்குள் பட்டியல் வந்துவிடுகிறது. முதலில் இருப்பது மாலையிலேயே பூட்டிவிட்ட மருந்தகம். அடுத்தது நாய்க்கு முடி வெட்டிவிடும் நகரத்துக் கடை. மூன்றாவது ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால்.

நாடு முழுவதும் உள்ள இடங்களை ஒரு நொடியில் அலசத் தெரிந்த கருவிக்கு, இந்த ஆட்டுக்கு உதவக்கூடிய ஒருவரை மட்டும் ஏன் காட்டத் தெரியவில்லை?

வளர்ப்புப் பிராணிகளுக்கான செயலிகள் பெருநகரங்களில் பழகிப்போய்விட்டன. மருத்துவரைத் தேடலாம், தடுப்பூசித் தேதியை நினைவில் வைக்கலாம், ஊருக்குப் போகும்போது நாயை விட்டுச்செல்ல ஆள் பார்க்கலாம், அதே இன நாய் வளர்ப்பவரோடு பேசலாம். இதே போன்ற ஒன்றை மேல்மலையனூர் வட்டத்துக்கென்று வடிவமைத்தால் நாட்டு நாய், வெள்ளாடு, கறவை மாடு, கோழி எல்லாம் அதில் இடம்பெற வேண்டும். வசதிகள் எத்தனை இருந்தாலும் அடியில் ஓடுவது ஒரே கணக்கு: யார் யாருக்குப் பக்கம்? எளிமையாகத் தோன்றும் இந்தக் கேள்விக்குள் செயற்கைக்கோள், ஐன்ஸ்டைன், தபால் துறை, அமாவாசைக் கூட்டம் எல்லாம் இருக்கின்றன.

முதலில், செல்பேசிக்குத் தான் இருக்கும் இடம் தெரிய வேண்டும். மின்னல் வெட்டியதும் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்து, இடி கேட்கும்போது நிறுத்துவோம். மூன்று நொடி என்றால் மின்னல் ஒரு கிலோமீட்டர் தள்ளி விழுந்திருக்கிறது. ஜி.பி.எஸ். செய்வதும் இதுதான். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் ‘நான் இந்த இடத்தில் இருக்கிறேன், என் கடிகாரத்தில் இப்போது இத்தனை மணி’ என்று ரேடியோ அலையில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்த அலை நம்மை வந்தடைய நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. எவ்வளவு தாமதமாக வந்தது என்று பார்த்தால் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்பது தெரிந்துவிடும்.

ஒரு செயற்கைக்கோளிலிருந்து தூரம் தெரிந்தால், அதைச் சுற்றி வரைந்த ஒரு மாபெரும் உருண்டையின் மேற்பரப்பில் எங்கோ நாம் இருக்கிறோம் என்று பொருள். இரண்டாவது செயற்கைக்கோளின் உருண்டை முதலாவதை ஒரு வட்டத்தில் வெட்டும். மூன்றாவது அந்த வட்டத்தை இரண்டு புள்ளிகளாகக் குறைக்கும். அதில் ஒன்று பூமியை விட்டு வெகு தூரம் விலகி இருப்பதால் தள்ளிவிடலாம். நான்காவது ஒன்றும் தேவைப்படுகிறது. செல்பேசிக்குள் இருக்கும் மலிவான கடிகாரத்தை நம்ப முடியாது என்பதே காரணம். அது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால்கூட தூரம் 300 மீட்டர் மாறிவிடும். அந்தப் பிசகைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய நான்காவது செயற்கைக்கோள் உதவுகிறது.

இவ்வளவு நுணுக்கமான கடிகாரக் கணக்கு சரிதான் என்பதற்கு என்ன சாட்சி? ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டின்படி, ஈர்ப்பு குறைந்த உயரத்தில் கடிகாரம் வேகமாகவும், பெரும் வேகத்தில் பறக்கும்போது மெதுவாகவும் ஓட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஜி.பி.எஸ். கடிகாரம் தரையில் உள்ளதைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோநொடி முந்தும். 1977-ல் அமெரிக்கர்கள் என்.டி.எஸ்.-2 என்ற சோதனைச் செயற்கைக்கோளை அனுப்பியபோது, இதற்கான திருத்தத்தைச் சுமார் இருபது நாள் வேண்டுமென்றே போடாமல் விட்டுப் பார்த்தார்கள். கடிகாரம் கோட்பாடு சொன்ன அளவுக்கு மிக நெருக்கமாக முந்திக்கொண்டு போனது. திருத்தம் இல்லாமல் விட்டால் பிழை நாளுக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் ஏறும். இன்று திறந்த வெளியில் ஒரு சாதாரணச் செல்பேசி ஐந்து மீட்டர் அளவுக்குள் இடத்தைச் சொல்கிறது. கான்கிரீட் கூரைக்கு அடியில் நின்றால் துல்லியம் குறையும். அவசரத்தில் இடத்தைப் பகிர்பவர் வாசலுக்கு வந்து பகிர்வது நல்லது.

நாயின் தோலுக்கடியில் பொருத்தும் சிப்பும் இதுபோல இடம் காட்டும் என்று பலர் நம்பிக் காசு செலவழிக்கிறார்கள். காட்டாது. அரிசிமணியளவு இருக்கும் அதற்குள் மின்கலமே கிடையாது. படிப்பானைச் சில சென்டிமீட்டர் பக்கத்தில் கொண்டுபோனால், அதன் காந்தப்புலத்திலிருந்து ஆற்றல் பெற்று 15 இலக்க எண் ஒன்றைச் சொல்லும், அவ்வளவுதான். மாட்டுக் காதில் தொங்கும் மஞ்சள் தோட்டின் 12 இலக்க எண்ணும் அடையாளத்துக்கு மட்டுமே.

சரி, மாணவியின் இடம் தெரிந்துவிட்டது. இனிப் பக்கத்தில் இருப்பவரைத் தேட வேண்டும். ஒவ்வொரு மருத்துவருக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிட்டு, மிகக் குறைந்ததை எடுத்தால் ஆயிற்றே என்று தோன்றும். பத்து பேர் என்றால் ஆயிற்று. செயலியில் ஒரு லட்சம் இடங்கள் பதிவாகி, ஒரே நொடியில் ஆயிரம் பேர் கேட்டால் பத்து கோடி கணக்குகள். கன்னியாகுமரியில் உள்ள மருத்துவர் மேல்மலையனூருக்குப் பக்கமா என்று ஒவ்வொரு முறையும் அளந்து பார்ப்பது வீண் வேலை.

இந்த வீண் வேலையைத் தவிர்க்கும் வழியைத் தபால் துறை 1972 ஆகஸ்ட் 15 அன்றே நமக்குக் கொடுத்துவிட்டது. பின்கோடின் முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு. முதல் மூன்று இலக்கம் 604 என்றால் திண்டிவனம், செஞ்சி, மேல்மலையனூர்ப் பகுதி. முன்னெழுத்துகள் ஒத்துப்போனால் இடங்களும் பக்கத்தில் இருக்கும். தேடும்போது 604-ஐ மட்டும் திறந்தால் போதும், மற்றதைத் தொடவே வேண்டாம்.

இதையே கணினிக்கு ஏற்றபடி இன்னும் ஒழுங்காகச் செய்வதைக் கட்டக் குறியீடு என்று சொல்லலாம். 2025 மே மாதத்தில் அஞ்சல் துறை, ஐதராபாத் ஐ.ஐ.டி.யோடும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையத்தோடும் சேர்ந்து வெளியிட்ட டிஜிபின் இதற்கு அழகான எடுத்துக்காட்டு. இந்தியாவையும் அதைச் சுற்றியுள்ள கடலையும் 36 பாகை நீளமும் 36 பாகை அகலமும் கொண்ட ஒரே சதுரத்துக்குள் அடைக்கிறார்கள். அதைப் பதினாறு கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தோ எண்ணோ தருகிறார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் மறுபடி பதினாறாக்கி இரண்டாவது எழுத்து. இப்படிப் பத்து முறை. ஒவ்வொரு தடவையும் கட்டத்தின் பக்கம் நான்கில் ஒன்றாகச் சுருங்குகிறது. முதல் எழுத்தில் கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர், ஐந்தாவதில் நான்கு கிலோமீட்டர், ஆறாவதில் ஒரு கிலோமீட்டர், பத்தாவதில் நான்கு மீட்டர். ஒரு மாட்டுக்கொட்டகையின் அளவு!

இப்போது செயலி செய்ய வேண்டியது, மாணவி நிற்கும் இடத்தின் முதல் ஐந்து எழுத்தை எடுத்து, அதே ஐந்தில் தொடங்கும் மருத்துவர்கள் யார் என்று பார்ப்பதுதான். அகரமுதலியில் சொல் தேடுவதைவிடக் கடினமான வேலை இல்லை.

ஆனால் கோடு போட்டுப் பிரிக்கும் எந்த முறைக்கும் ஒரு வியாதி உண்டு. கோட்டுக்கு அந்தப் பக்கம் பத்தடியில் இருப்பவர் வேறு கட்டத்தைச் சேர்ந்தவராகிவிடுவார். மேல்மலையனூர் இந்த வியாதியை நன்றாகவே அனுபவிக்கும் ஊர். விழுப்புரம் மாவட்டத்தின் வடமேற்கு ஓரத்தில் இருக்கிறது. 604 என்று தேடினால் திண்டிவனம் வரும். திண்டிவனத்தைவிட மிகப் பக்கத்தில் இருக்கும் சேத்துப்பட்டு வராது. அதன் பின்கோடு 606-ல் தொடங்குகிறது, மாவட்டம் திருவண்ணாமலை. மாவட்டவாரியாகப் பட்டியல் போட்டாலும் இதே கதைதான். பெரிய அறுவை சிகிச்சை தேவைப்படும் நாய்க்குச் 1903-ல் தொடங்கி இன்று சென்னை வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையைத் தமிழ்நாட்டுப் பட்டியல் காட்டும். அதைவிடப் பக்கத்தில், புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிலையம் மாநில எல்லைக்கு அப்பால் இருப்பதால் அந்தப் பட்டியலில் காணாமல் போய்விடும். வலியில் துடிக்கும் விலங்குக்கு மாவட்ட எல்லை என்ன, மாநில எல்லை என்ன? செயலி வடிவமைப்பவர்கள் நிர்வாக எல்லைகளைத் தேடலுக்கு அடிப்படையாக வைப்பது பெரிய தவறு என்றே நினைக்கிறேன்.

கட்டக் குறியீட்டில் இதற்கு மருந்து எளிது. நாம் நிற்கும் கட்டத்தோடு அதைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களையும் சேர்த்து ஒன்பதாகத் தேட வேண்டும். யாரும் கிடைக்காவிட்டால் அடுத்த சுற்றுக்கு விரிய வேண்டும். சென்னையில் முதல் சுற்றிலேயே பத்து பேர் அகப்படுவார்கள். மேல்மலையனூரில் பல சுற்று விரிய வேண்டியிருக்கும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஒருவர் கிடைத்தவுடன் நிறுத்திவிடக் கூடாது. அவர் சுற்றின் மூலையில் இருந்தால், அடுத்த சுற்றின் நடுப்பகுதியில் அவரைவிடப் பக்கத்தில் இன்னொருவர் இருக்கக்கூடும். அதனால் கிடைத்தவரின் தூரத்தை அரைவிட்டமாக வைத்து ஒரு வட்டம் போட்டு, அது தொடும் கட்டங்களை எல்லாம் பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும்.

இதுவரை அளந்தது காகம் பறக்கும் தூரம். ஆட்டை ஏற்றிக்கொண்டு போகும் ஆட்டோ பறக்காது. நடுவில் ஏரி இருந்தால் சுற்ற வேண்டும், செஞ்சிப் பக்கத்துப் பாறைக் குன்று இருந்தால் வளைய வேண்டும். ஆகவே சாலை வழியாக அளக்க வேண்டும். அதற்கான முறையை 1956-ல் நெதர்லாந்துக்காரரான எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா கண்டுபிடித்தார். ஆம்ஸ்டர்டாமில் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்து, தாளும் பேனாவும் இல்லாமல், இருபது நிமிடத்தில் மனத்துக்குள்ளேயே உருவாக்கியதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். 1959-ல் மூன்று பக்கக் கட்டுரையாக வெளிவந்தது. இன்று உலகில் வழிகாட்டும் செயலிகளின் அடிப்படை அதுதான்.

முறை இது. மேல்மலையனூரிலிருந்து கிளம்பி நேரடியாக எட்டக்கூடிய ஊர்களுக்கு எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்கிறோம். கிழக்கே வளத்தி, மேற்கே அவலூர்பேட்டை. இரண்டில் சீக்கிரம் எட்டுவது எதுவோ அதற்கான விடை இனி மாறாது. வேறு எந்த வழியாகச் சுற்றி வந்தாலும் இதைவிடச் சீக்கிரம் அங்கே வர முடியாது அல்லவா? வளத்தி அப்படி உறுதியானது என்று வைத்துக்கொள்வோம். இனி வளத்தியிலிருந்து செஞ்சிக்கும் சேத்துப்பட்டுக்கும் ஆகும் நேரத்தைக் கூட்டிக் குறிக்கிறோம். இதுவரை குறித்தவற்றில் மிகக் குறைந்ததை மறுபடி உறுதிசெய்கிறோம். இப்படி ஊர் ஊராக உறுதியாகிக்கொண்டே போகும்போது, முதன்முதலில் உறுதியாகும் கால்நடை மருத்துவமனை எதுவோ அதுவே நேரக்கணக்கில் மிகப் பக்கம்.

கிலோமீட்டரைச் சொல்லாமல் நிமிடத்தைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசை இரவு ஊஞ்சல் உற்சவத்துக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சிறப்புப் பேருந்துகளும் வேன்களும் வரிசைகட்டி நிற்கும்போது, சாதாரண நாளில் சில நிமிடத்தில் கடக்கும் சாலை மணிக்கணக்கில் இழுக்கும். மாசி மாத மயானக் கொள்ளைத் திருவிழாவில் இன்னும் அதிகம். தூரம் அதேதான், நேரம்தான் வேறு. சாலையில் போகும் செல்பேசிகள் எவ்வளவு மெதுவாக நகர்கின்றன என்பதை வைத்து வரைபடச் செயலிகள் நெரிசலை அறிந்துகொள்கின்றன. ஆனால் இந்த ஊருக்கு அமாவாசை எப்போது என்பது பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. நெரிசல் வந்த பிறகு கண்டுபிடிக்கக் காத்திருக்காமல், அந்த இரவுகளில் ஊருக்குள் நுழையாத வழியை முதலில் காட்டும்படி முன்கூட்டியே எழுதிவைக்கலாம். ஒரு கோபுரத்தின் அலைக்கற்றையைப் பல்லாயிரம் பேர் பகிர்ந்துகொள்ளும் அந்த இரவில் இணையம் திணறும். குறுஞ்செய்தி மிகச் சிறியது, அழைப்புகளை ஒழுங்குபடுத்தும் தனித்தடத்தில் போவது. ஆகவே இணையம் போகாதபோதும் அது போய்ச் சேர வாய்ப்பு அதிகம். இடக்குறியீட்டின் பத்து எழுத்தையும் ‘ஆடு, வயிறு உப்புசம்’ என்ற இரண்டு விவரத்தையும் குறுஞ்செய்தியில் அனுப்பும் வழி செயலிக்குள் இருந்தே ஆக வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் பூட்டிய மருந்தகத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன பயன்? ‘பக்கம்’ என்பதை விலங்கின் மேல் மருத்துவரின் கை படும்வரை ஆகும் நேரம் என்றே அளக்க வேண்டும். பயண நேரத்தோடு காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தாக வேண்டும். பூட்டிய மருந்தகம் இரண்டு கிலோமீட்டரில் இருந்தாலும் அது மறுநாள் காலை தூரத்தில்தான் இருக்கிறது. பாம்பு கடித்த நாய்க்கு, மனிதருக்குப் போடும் அதே நச்சுமுறி மருந்தைத்தான் நம் நாட்டில் போடுகிறார்கள். அது இருப்பில் இல்லாத இடம் அந்த நாயைப் பொறுத்தவரை தேடலிலேயே வரக் கூடாது. மாட்டுப் பொங்கலன்று அளவுக்கு மீறிப் பொங்கல் சோறு தின்று, வயிற்றில் அமிலம் ஏறிப் படுத்துவிடும் மாட்டுக்கு மருத்துவர் வீடு தேடி வர வேண்டும். படுத்த மாட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

வீடு தேடி வரும் சேவை நமக்கு இருக்கிறது. 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். மத்திய அரசுத் திட்டத்தின் அளவுகோல், ஒரு லட்சம் கால்நடைகளுக்கு ஓர் ஊர்தி. ஊர்திகள் குறைவு, கூப்பிடுபவர்கள் அதிகம் என்னும்போது ‘பக்கத்தில் இருப்பதை அனுப்பு’ என்ற விதியே சில சமயம் தவறாகிவிடும். இரண்டு ஊர்திகள், இரண்டு அழைப்புகள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வீட்டுக்கு முதல் ஊர்தி பத்து நிமிடத்திலும் இரண்டாவது இருபது நிமிடத்திலும் வரும். இரண்டாவது வீட்டுக்கு முதல் ஊர்தி பதினைந்து நிமிடம், இரண்டாவது அறுபது நிமிடம். முதலில் கூப்பிட்டவருக்குப் பக்கத்து ஊர்தியை அனுப்பிவிட்டால் இரண்டாமவர் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். மாற்றி அனுப்பினால் இருபதும் பதினைந்தும். முதலாமவருக்குப் பத்து நிமிடம் தாமதம், இரண்டாமவருக்கு முக்கால் மணி நேரம் மிச்சம். இப்படிப்பட்ட பங்கீட்டுக் கணக்கை எத்தனை ஊர்திகள் இருந்தாலும் தீர்க்கும் வழியை ஹரால்ட் கூன் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் 1955-ல் வெளியிட்டார். அதற்கு அடித்தளமிட்ட இரண்டு ஹங்கேரியர்களுக்கு மரியாதையாக ‘ஹங்கேரிய முறை’ என்றே பெயர் வைத்தார்.

மருத்துவரைத் தேடுவது ஒரு பாதி. பிராணி வளர்ப்பவர்களை ஒருவரோடொருவர் சேர்த்துவைப்பது மறுபாதி. சிப்பிப்பாறை நாய்க்குத் துணை தேடுபவர், நல்ல கிடா இருக்கும் வீட்டைத் தேடுபவர், காணாமல் போன நாயைத் தேடுபவர் என்று பலர் வருவார்கள். இங்கேதான் கவலைப்பட வேண்டிய ஒன்று இருக்கிறது. ‘உங்களிடமிருந்து 2.3 கிலோமீட்டரில் ஒருவர்’ என்று காட்டுவது பாதிப்பில்லாத தகவலாகத் தெரியும். செயற்கைக்கோள் கணக்கை நினைத்துப் பாருங்கள். மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து ஒருவருக்கு உள்ள தூரம் தெரிந்தால் மூன்று வட்டம் போட்டு அவர் வீட்டையே கண்டுபிடித்துவிடலாம். நம்மை வழிநடத்தும் அதே கணக்கு நம்மைக் காட்டிக்கொடுக்கும் கணக்காகவும் ஆகிறது. டிண்டர் செயலியில் 2013-ல் இப்படி ஓர் ஓட்டை இருந்ததை இன்க்லூட் செக்யூரிட்டி என்ற நிறுவனம் கண்டுபிடித்து, அது சரிசெய்யப்பட்ட பின் 2014-ல் வெளியிட்டது. திரையில் முழு மைல் எண்ணாகக் காட்டினாலும், பின்னணியில் செயலி அனுப்பிய தூரம் பல தசம இலக்கங்களோடு இருந்தது. யாருடைய இடத்தையும் அதை வைத்துப் பிடிக்க முடிந்தது. விலையுயர்ந்த நாயும் கொழுத்த கிடாவும் திருடுபோகும் ஊர்களில், பெண்கள் தனியாக இருக்கும் வீடுகளில், இது சின்ன விஷயமில்லை.

தூரத்தோடு கொஞ்சம் பொய்யைக் கலந்து காட்டினால் போதுமே என்று தோன்றலாம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பொய்யைக் கலந்தால், திரும்பத் திரும்பக் கேட்டுச் சராசரி எடுப்பவனிடம் பொய்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு உண்மை மிஞ்சும். உறுதியான வழி, கட்டக் குறியீட்டின் கடைசி எழுத்துகளை வெட்டிவிடுவது. பத்தில் ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டால் ‘இந்த நான்கு கிலோமீட்டர்ச் சதுரத்துக்குள் எங்கோ’ என்பதற்கு மேல் செயலிக்கே தெரியாது. தெரியாததை யாரும் அதனிடமிருந்து திருட முடியாது.

சென்னையில் அந்தச் சதுரத்துக்குள் ஆயிரக்கணக்கான நாய்கள் இருக்கும். மேல்மலையனூர் வட்டத்தின் ஒரு சிற்றூரில் ஒரே ஒரு லாப்ரடார்தான் இருக்கும். அங்கே சதுரத்தைச் சொன்னாலே வீட்டைச் சொன்ன மாதிரிதான். பியராஞ்சலா சமராட்டி, லட்டானியா ஸ்வீனி என்ற இரு கணினி அறிஞர்கள் 1998-ல் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார்கள். ஒருவரைப் பற்றிச் சொல்லும் விவரம் குறைந்தது இத்தனை பேருக்காவது பொதுவாக இருக்க வேண்டும், அதுவரை விவரத்தை மழுக்கிக்கொண்டே போக வேண்டும். கூட்ட மறைவு என்று இதை அழைக்கலாம். எண்ணிக்கையைப் பத்து என்று வைத்தால், பத்து லாப்ரடார் வீடுகள் உள்ளே வரும்வரை சதுரம் பெரிதாகிக்கொண்டே போகும். நகரத்தில் அந்த நான்கு கிலோமீட்டர்ச் சதுரமே போதும், இங்கே வட்டம் முழுவதும் தேவைப்படலாம். அப்போது தூரத்துக்குப் பதிலாக ‘மேல்மலையனூர் வட்டம்’ என்று மட்டும் காட்டி, இருவரும் சம்மதித்த பிறகு பேசவிட்டால் போதும்.

அவசரத்தில் மட்டும் விதி தலைகீழாகும். உப்பிய வயிற்றோடு ஆடு கிடக்கும்போது மருத்துவருக்குப் பத்து எழுத்தும் தேவை. கொட்டகை வரை தெரிய வேண்டும். ஆகவே முழுக் குறியீடு அந்த அழைப்பை ஏற்ற ஒரு மருத்துவரின் செல்பேசிக்கு மட்டும் போக வேண்டும். சிகிச்சை முடிந்ததாக அவர் குறித்ததும் கடைசி ஐந்து எழுத்தும் இரண்டு பக்கமும் அழிந்துவிட வேண்டும். அழிந்தது என்ற செய்தி மாணவியின் திரைக்குத் தமிழில் வர வேண்டும்.